கொடுத்தவர், பெற்றவர், பொருள்: ஒரு மொழியின் கொடை வினையை ஆராயும் முறை

‘பாட்டி பேத்திக்குச் சங்கிலி கொடுத்தாள்.’ கொடுத்தவர் ஒருவர், பெற்றவர் ஒருவர், கைமாறிய பொருள் ஒன்று. ஒரே வினை மூன்று பங்குகளையும் சுமக்கிறது. செயப்படுபொருளுக்கு ஓர் இடம் மட்டும் இருந்தால் மொழிக்குச் சிக்கல் இல்லை. இங்கே பேத்தியும் சங்கிலியும் அந்த இடத்துக்குப் போட்டி போடுகின்றன. யாரை உள்ளே விடுவது, மற்றவரை எங்கே நிறுத்துவது என்பதை ஒவ்வொரு மொழியும் தன் போக்கில் முடிவு செய்துகொள்கிறது.

அந்த முடிவை ஒரு மொழி எப்படி எடுத்திருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். மொழியியல் மாணவர்களை இந்தப் பயிற்சியில் பலமுறை உட்கார வைத்திருக்கிறேன். அவர்கள் செய்த பிழைகளில் முக்கால்வாசி, செய்ய வேண்டியதை முன்பின்னாகச் செய்ததால் வந்தவை. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்ற வேண்டாம்.

தொடங்கும் முன் தேவையானவை

அந்த மொழியைத் தாய்மொழியாகப் பேசும் ஒருவர் வேண்டும், இருவர் கிடைத்தால் நல்லது. ஒலிப்பதிவுக் கருவியும் நோட்டும் வேண்டும். நோட்டில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மூன்று வரி ஒதுக்குங்கள்: கேட்டபடி ஒரு வரி, உறுப்புகளைப் பிரித்து ஒரு வரி, பொருள் ஒரு வரி.

ஒரு சாவி, பத்து ரூபாய் நோட்டு, ஒரு மாம்பழம், ஒரு பொம்மை ஆகியவற்றையும் மேசைமேல் வையுங்கள். மாணவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஆனால் ‘இதை உங்கள் மொழியில் எப்படிச் சொல்வீர்கள்?’ என்று ஒரு தமிழ் வாக்கியத்தை நீட்டினால், கேட்பவர் தமிழின் வார்ப்பிலேயே தம் மொழியை ஊற்றித் தருவார். சாவியைக் கையில் கொடுத்து, ‘இப்போது என்ன நடந்தது?’ என்று கேட்டால் அவருடைய சொந்த வாக்கியம் வரும்.

1. மூன்று பங்குகளையும் முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

கொடுத்தவர், பெற்றவர், பொருள் என்று பொருளை வைத்துப் பெயரிடுங்கள். எழுவாய், செயப்படுபொருள், நான்காம் வேற்றுமை என்ற பெயர்கள் இப்போது வேண்டாம். எது செயப்படுபொருள் என்பதுதான் நாம் தேடும் விடை. விடையையே கேள்வியின் பெயராக வைத்துவிட்டால் தேடல் அங்கேயே முடிந்துவிடும்.

பெற்றவரையும் போய்ச் சேர்ந்த இடத்தையும் குழப்பிக்கொள்வது தமிழர்களிடம் அடிக்கடி நடக்கும். காரணம் நம் ‘கு’ உருபு. ‘அம்மாவுக்குப் பார்சல் அனுப்பினேன்’, ‘மதுரைக்குப் பார்சல் அனுப்பினேன்’ இரண்டிலும் அதே உருபு நிற்கிறது. ஆனால் முதலாவதற்கு ‘யாருக்கு?’ என்ற கேள்வி வரும், இரண்டாவதற்கு ‘எங்கே?’ என்ற கேள்வி வரும். அம்மா பார்சலுக்கு உரியவர் ஆகிறார். மதுரை ஆவதில்லை.

ஆங்கிலம் இந்த இரண்டையும் பிரித்துவிடும். ‘சென்ட்’ (அனுப்பு) என்ற வினைக்குப் பின் அம்மாவை, ‘டு’ போலப் பெயருக்கு முன்னால் வரும் முன்னிடைச்சொல் இல்லாமல், நிறுத்தலாம். அந்த இடத்தில் லண்டனை நிறுத்தினால், லண்டனில் உள்ள அலுவலகம், அதாவது பெற்றுக்கொள்ளும் ஆட்கள், என்ற பொருள்தான் வரும். ஊர் என்ற பொருள் வேண்டுமென்றால் ‘டு’ கட்டாயம். எனவே பட்டியலில் முதலில் ஆட்கள் பெறும் வாக்கியங்களை மட்டும் வையுங்கள். ஊர்கள் பின்னால் வரட்டும்.

2. ‘கொடு’ பக்கம் போகாமல் ‘பார்’, ‘அடி’, ‘சாப்பிடு’ வினைகளைக் கேளுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிக் குதிக்கிறார்கள். மூன்று பங்கு வினையை ஆராய வந்தவருக்கு இரண்டு பங்கு வினை வீண் வேலையாகத் தோன்றுகிறது. ஆனால் அளவுகோலே அதுதான். பேத்தியும் சங்கிலியும் எந்த உருபோடு வந்தன என்பதைத் தனியாகப் பார்த்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. சாதாரணச் செயப்படுபொருளுக்கு அந்த மொழி என்ன செய்கிறது என்று தெரிந்தால்தான், இரண்டில் எது அதைப் போல நடந்துகொள்கிறது என்று சொல்ல முடியும்.

ஜெர்மன் மொழியில் ‘நான் அந்த ஆளைப் பார்க்கிறேன்’ என்பது ‘இஹ் ஸேஹெ டென் மான்’. ‘நான் அந்த ஆளுக்குச் சாவியைக் கொடுக்கிறேன்’ என்பது ‘இஹ் கேபெ டெம் மான் டென் ஷ்லுஸெல்’. முதல் வாக்கியத்தில் ஆளுக்கு முன் நின்ற ‘டென்’, இரண்டாவதில் சாவிக்கு முன் வந்துவிட்டது. ஆளுக்கு ‘டெம்’ என்ற வேறு வடிவம். ஆக, சாவிதான் சாதாரணச் செயப்படுபொருள், பெற்றவருக்குத் தனி அடையாளம். இரண்டு வாக்கியங்களையும் அருகருகே வைத்ததால் அரை நிமிடத்தில் விடை கிடைத்தது.

இங்கே ஒரு சிறு எச்சரிக்கை. ஜெர்மனில் ‘புத்தகம்’ என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்திருந்தால் மாட்டியிருப்போம். அஃறிணைப் பாலில் எழுவாய் வடிவமும் செயப்படுபொருள் வடிவமும் ஒன்றே. ‘டென்’ வெளிப்படுவது ஆண்பால் பெயர்களில்தான். எந்த மொழியிலும் வடிவ வேறுபாட்டை மறைக்காத பெயர்ச்சொற்களை இந்தப் படியிலேயே கண்டுபிடித்து, பிறகு முழுவதும் அவற்றையே பயன்படுத்துங்கள்.

இரண்டு பங்கு வாக்கியங்களில் ஆள், விலங்கு, உயிரற்ற பொருள் மூன்றையும் செயப்படுபொருளாக வைத்துக் கேளுங்கள். தமிழில் ‘மாம்பழம் சாப்பிட்டான்’ என்றும் சொல்லலாம், ‘மாம்பழத்தைச் சாப்பிட்டான்’ என்றும் சொல்லலாம். ‘பையனைப் பார்த்தான்’ என்பதில் ‘ஐ’யை எடுத்துவிட்டால் வாக்கியம் கெட்டுவிடும். இந்த வேறுபாடு ஐந்தாம் படியில் உங்களைக் காப்பாற்றும்.

3. இப்போது ‘கொடு’வைக் கேட்டு மூன்று வகையில் எது என்று பாருங்கள்

ஒப்பிட்டதும் பெரும்பாலும் மூன்றில் ஒரு முடிவு கிடைக்கும்.

பொருள் சாதாரணச் செயப்படுபொருளைப் போல நடக்கும், பெற்றவர் தனியாக நிற்பார். தமிழ், ஜெர்மன், ஜப்பானியம் இந்த வகை. மார்ட்டின் ஹாஸ்பெல்மாத் என்ற மொழியியலாளர் 378 மொழிகளின் ‘கொடு’ வினையை ஒப்பிட்டு வரைபடமாக்கியபோது, ஏறக்குறைய பாதி மொழிகள் இந்த வகையில் விழுந்தன.

இரண்டாவது வகை இதற்குத் தலைகீழ். பெற்றவர் சாதாரணச் செயப்படுபொருளாக நிற்பார், பொருள் ஒதுங்கிக்கொள்ளும். மேற்கு கிரீன்லாந்து மொழியில் ‘நீசிக்குப் பணம் கொடுத்தான்’ என்பதற்கு ‘நீசி ஆனிங்காசனிக் துனிவா’ என்பார்கள். நீசி என்ற பெயரில் எந்த உருபும் இல்லை. பணத்தின் மேல் ‘னிக்’ என்ற கருவி உருபு ஏறியிருக்கிறது. சொல்லுக்குச் சொல் வைத்தால் ‘நீசியைப் பணத்தால் கொடுத்தான்’ என்று ஆகும். நம் காதுக்கு விசித்திரமாக இருக்கிறதா? ‘வண்டியை வைக்கோலால் நிரப்பினான்’ என்று நாமும் சொல்கிறோம். வைக்கோல் வண்டிக்குள் போகிறது, ஆனால் செயப்படுபொருள் இடம் வண்டிக்கு. அதே நோக்கை ‘கொடு’ வினைக்கும் நீட்டினால் கிரீன்லாந்து வாக்கியம் கிடைத்துவிடும். மேற்கு ஆப்பிரிக்காவின் யொரூபாவிலும் ‘ஓ ஃபுன் மி நி ஓவோ’ என்ற வாக்கியத்தில் ‘எனக்கு’ என்பது வினையை ஒட்டி வெறுமனே நிற்க, பணத்துக்கு முன்னால்தான் ‘நி’ என்ற சிறு சொல் வருகிறது.

மூன்றாவது வகையில் இருவருக்கும் ஒரே வடிவம். ஆங்கிலத்தின் ‘ஷி கேவ் மி எ புக்’ இப்படிப்பட்டது.

ஒரு மொழிக்கு ஒரு வகைதான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஆங்கிலத்திலேயே ‘டு’ சேர்த்த வாக்கியமும் உண்டு. அது முதல் வகை. நீங்கள் வகைப்படுத்துவது அந்த வாக்கிய அமைப்பை. மொழி முழுவதையும் அல்ல. முதல் மாதத்தில் எழுதும் ஆய்வுக் குறிப்புகளில் ‘இந்த மொழி இன்ன வகை’ என்ற வரி வந்தால் நான் சிவப்பு மையைத்தான் எடுக்கிறேன்.

4. உருபு, வினையில் ஏறும் அடையாளம், சொல்வரிசை: மூன்றையும் தனித்தனியே பதியுங்கள்

தமிழ் பேசுபவர் உருபை மட்டும் பார்ப்பார். நம் வினைமுற்று எழுவாய்க்கு மட்டுமே இயைந்து வருவதால், வினைக்குள் செயப்படுபொருளின் அடையாளம் ஒளிந்திருக்கும் என்று நமக்குத் தோன்றாது.

சுவாஹிலியை எடுத்துக்கொள்ளுங்கள். ‘நிலிம்வோனா ஜுமா’ என்றால் நான் ஜுமாவைப் பார்த்தேன். ‘நி’ என்பது நான், ‘லி’ இறந்தகாலம், ‘ம்’ என்பது அவனை. ‘நிலிகியோனா கிடாபு’ என்றால் நான் புத்தகத்தைப் பார்த்தேன். இங்கே ‘கி’ புத்தகத்தைக் குறிக்கிறது. இப்போது ‘நான் ஜுமாவுக்குப் புத்தகம் கொடுத்தேன்’: ‘நிலிம்பா ஜுமா கிடாபு’. வினைக்குள் இருப்பது ‘ம்’. ‘கி’ வராது. வினையில் செயப்படுபொருளுக்கு இருக்கும் ஒரே இருக்கையில் ஜுமா உட்கார்ந்துவிட்டான்.

பெயர்களைப் பார்த்தால் இரண்டிலும் உருபு இல்லை, எனவே மூன்றாம் வகை. வினையைப் பார்த்தால் பெற்றவரே செயப்படுபொருள், எனவே இரண்டாம் வகை. இரண்டு முடிவுகளும் சரி. நோட்டில் இரண்டு பத்திகளாக எழுதாதவர் இதில் ஒன்றைத் தொலைத்துவிடுவார்.

சொல்வரிசையையும் அப்படியே தனியாகக் குறியுங்கள். மாண்டரின் சீனத்தில் ‘கெய்’ என்ற வினைக்குப் பின் பெற்றவர் முதலிலும் பொருள் அடுத்தும் வரும். கான்டனீஸில் ‘பெய்’ என்ற வினைக்குப் பின் பொருள் முதலில், பெற்றவர் அடுத்து. உறவு மொழிகள்தான், உருபு இரண்டிலும் இல்லை, வரிசை மட்டும் மாறிப்போயிருக்கிறது. ‘சீன மொழிகளில்’ என்று பொதுவாக எழுதினால் தவறாகிவிடும்.

தமிழில் வரிசை சுதந்திரமானது என்று சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். ‘அப்பா மகனுக்குப் பணம் கொடுத்தார்’ இயல்பு. ‘அப்பா பணத்தை மகனுக்குக் கொடுத்தார்’ என்பதும் இயல்பு. ‘அப்பா பணம் மகனுக்குக் கொடுத்தார்’ என்று சொல்லிப் பாருங்கள், காது தயங்கும். ‘ஐ’ இல்லாத பொருள் வினையை ஒட்டி நிற்கவே விரும்புகிறது. ‘ஐ’ ஏறியதும் அதற்கு நடமாட்டம் கிடைத்துவிடுகிறது. உங்கள் மொழியிலும் உருபு உள்ள பொருள், இல்லாத பொருள் இரண்டையும் இடம் மாற்றிக் கேளுங்கள்.

5. கைமாறும் பொருள் ஓர் உயிராக இருக்கட்டும்

சாவி, பணம், பழம் என்றே கேட்டுக்கொண்டிருந்தால் பெற்றவர் எப்போதும் உயிருள்ளவர், பொருள் எப்போதும் உயிரற்றது. அப்போது நீங்கள் பார்க்கும் உருபு பெற்றவருக்காக வந்ததா, உயிருள்ளதற்காக வந்ததா என்று பிரிக்க முடியாது. மேசைமேல் பொம்மை வைக்கச் சொன்னது இதற்காகத்தான். அதைக் குழந்தையாகக் கருதி ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குக் கொடுங்கள்.

இந்தி கற்பவர்கள் இங்கே வழுக்குகிறார்கள். ‘ராம் நே சீதா கோ தேகா’ என்றால் ராமன் சீதையைப் பார்த்தான். ‘ராம் நே சீதா கோ கிதாப் தீ’ என்றால் ராமன் சீதைக்குப் புத்தகம் கொடுத்தான். இரண்டிலும் சீதைக்கு ‘கோ’. அப்படியானால் இந்தி இரண்டாம் வகையா? ஒரு மாணவர் அப்படித்தான் எழுதிக்கொண்டு வந்தார். இரண்டாம் படியில் உயிரற்ற பொருளையும் கேட்டிருந்தால் ‘ராம் நே கிதாப் தேகீ’ கிடைத்திருக்கும். அங்கே ‘கோ’ இல்லை, வினை புத்தகத்தின் பெண்பாலுக்கு இயைந்து ‘தேகீ’ ஆகியிருக்கிறது. கொடுத்த வாக்கியத்திலும் அதே புத்தகத்துக்கு இயைந்துதான் ‘தீ’ வந்தது. ஆக, புத்தகம் தன் செயப்படுபொருள் உரிமையை இழக்கவே இல்லை. ‘கோ’ இரண்டு வேலை பார்க்கும் உருபு.

இரண்டு வேலைகளும் ஒரே வாக்கியத்தில் மோதினால் என்ன ஆகும் என்று பார்ப்பது சுவையானது. ‘அம்மா குழந்தையைத் தாதியிடம் கொடுத்தாள்’ என்பதற்கு இரண்டு ‘கோ’ போட்டால் இந்தி பேசும் பலருக்கு இடறுகிறது. குழந்தையின் ‘கோ’வை விட்டுவிட்டு, ‘மா நே பச்சா தாயீ கோ தியா’ என்கிறார்கள். பெற்றவர் தம் உருபை விட்டுக்கொடுப்பதில்லை.

தமிழிலும் இதே இடத்தில் ஒரு நுட்பம் உண்டு. ‘அந்த வீட்டுக்குப் பெண் கொடுத்தார்கள்’ என்போம். உயர்திணைப் பெயர் ‘ஐ’ இல்லாமல் வந்திருக்கிறது. இங்கே குறிப்பிட்ட ஒருத்தி கண்முன் நிற்கவில்லை, பெண் கொடுத்தல் என்பதே ஒரு வழக்கம், ஓர் உறவு. ‘தங்கள் மூத்த பெண்ணை அந்த வீட்டுக்குக் கொடுத்தார்கள்’ என்றதும் ஒருத்தி எழுந்து நிற்கிறாள், ‘ஐ’யும் வந்துவிடுகிறது.

6. உரிமை மாறியதா, கை மட்டும் மாறியதா என்று கேளுங்கள்

தமிழ் பேசுபவருக்கு இந்தப் படி எளிது, ஏனென்றால் நம் மொழியே இதைப் பிரிக்கிறது. ஊருக்குக் கிளம்பும்போது ‘வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தேன்’ என்போம். ‘அக்காவுக்குக் கொடுத்தேன்’ என்று சொல்ல மாட்டோம். சாவி அவர் கையில் இருக்கிறது, ஆனால் அவருடையது ஆகவில்லை. பாட்டி பேத்திக்குச் சங்கிலி கொடுத்தாள். ‘பேத்தியிடம் சங்கிலியைக் கொடுத்தாள்’ என்றால் கழற்றி வைத்துக்கொள்ளக் கொடுத்தாள், அல்லது அம்மாவிடம் சேர்க்கச் சொல்லிக் கொடுத்தாள்.

ரஷ்யாவின் தெற்கே, காக்கசஸ் மலைப்பகுதியில் உள்ள தாகெஸ்தானின் மொழிகள் பலவற்றிலும் நிரந்தரமாகக் கொடுப்பதற்கும் தற்காலிகமாகக் கொடுத்துவைப்பதற்கும் பெற்றவர்மேல் வெவ்வேறு உருபுகள் வருகின்றன. ஆகையால் ஒரே ‘கொடு’ வாக்கியத்தைப் பதிவுசெய்துவிட்டுத் திரும்பினால் பாதிதான் கிடைத்திருக்கும். சாவிக்கு ஒரு முறை, பரிசுக்கு ஒரு முறை, கடனாகக் கொடுத்த பணத்துக்கு ஒரு முறை கேளுங்கள். கடன்தான் சரியான சோதனை. பணம் திரும்பி வர வேண்டும், ஆனாலும் பெற்றவர் செலவழிக்கலாம். அந்த மொழி கடனை எந்தப் பக்கம் சேர்க்கிறது என்று பாருங்கள். தமிழ் ‘அவனுக்குக் கடன் கொடுத்தேன்’ என்று பரிசின் பக்கமே சேர்த்துவிடுகிறது. நம்பிக்கைதான்!

7. நான், நீ, அவன் மூவரையும் பெற்றவர் இடத்தில் மாற்றி மாற்றி வையுங்கள்

பெற்றவர் யார் என்பதற்கேற்ப வினையே மாறும் மொழிகள் உண்டு. மலையாளத்தில் ‘எனிக்கு தன்னு’, ஆனால் ‘அவனு கொடுத்து’. தன்மைக்கும் முன்னிலைக்கும் ‘தா’, படர்க்கைக்குக் ‘கொடு’. தொல்காப்பியம் தமிழுக்குச் சொல்லும் விதியும் இதுதான். இன்றைய எழுத்துத் தமிழில் ‘எனக்குக் கொடு’, ‘அவனுக்குத் தந்தான்’ இரண்டும் கலந்து புழங்குவதால் நம் பையன்களுக்கு இந்த வேறுபாடு காதில் விழுவதில்லை. ஜப்பானியத்தில் பிறர் எனக்கோ என் பக்கத்தவருக்கோ கொடுத்தால் ‘குரேரு’, என் பக்கத்திலிருந்து வெளியே போனால் ‘அகேரு’. வெளியாள் ஒருவர் இன்னொரு வெளியாளுக்குக் கொடுப்பதை மட்டும் கேட்டால் ‘குரேரு’ உங்கள் நோட்டில் வரவே வராது.

பிறகு இரண்டு இடங்களிலும் பெயர்ச்சொல்லுக்குப் பதில் சுட்டுப்பெயர் வையுங்கள். ஸ்பானிய மொழியில் ‘அவனுக்கு’ என்பதற்கு ‘லே’, ‘அதை’ என்பதற்கு ‘லோ’. இரண்டும் அடுத்தடுத்து வரும்போது ‘லே லோ’ என்று வராது. ‘செ லோ தி’ என்று முதல் சொல் உருமாறிவிடும். பிரெஞ்சில் ‘என்னை அவளுக்கு அறிமுகப்படுத்துகிறான்’ என்பதற்கு இரண்டு குறுஞ்சொற்களையும் வினைக்கு முன்னால் வைக்கவே முடியாது. ‘அவளுக்கு’ என்பது முன்னிடைச்சொல்லோடு வினைக்குப் பின்னால் போய்விட வேண்டும். பெயர்ச்சொற்களை மட்டும் வைத்து ஆராய்ந்தவருக்கு இந்தத் தடைகள் கண்ணில் படாது.

8. ‘கொடு’வை விட்டு வெளியே வாருங்கள்

குறைந்தது காட்டு, சொல், கற்பி, அனுப்பு, விற்பனை செய், திருடு, சமைத்துக் கொடு ஆகியவற்றை முயலுங்கள். ‘கொடு’ ஒரு மொழியில் மிக அதிகம் புழங்கும் கொடை வினை. அதனாலேயே அதற்கு மட்டும் தனி வழக்கம் இருக்கலாம்.

ஜெர்மனில் ‘எனக்குக் கொடுக்கிறான்’ என்பது ‘எர் கிப்ட் மிர்’. ‘எனக்கு ஜெர்மன் கற்பிக்கிறான்’ என்பது ‘எர் லேர்ட் மிஹ் டாய்ச்’. ‘மிர்’ மறைந்து ‘மிஹ்’ வந்துவிட்டது, அதாவது இரண்டு செயப்படுபொருள்கள். ஆங்கிலத்தில் ‘கிவ்’, ‘ஷோ’, ‘டெல்’ வினைகளுக்குப் பின் பெற்றவர் வெறுமனே நிற்கலாம். ‘எக்ஸ்ப்ளெயின்’, ‘டொனேட்’ வினைகளுக்குப் பின் நிற்க முடியாது. ‘எக்ஸ்ப்ளெயின் மி’ என்று தொடங்கும் மின்னஞ்சல்கள் நம் ஊரில் தினமும் ஆயிரக்கணக்கில் பறந்துகொண்டிருக்கும். பொருளில் ‘டெல்’லுக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று அமைப்பையும் நீட்டிவிடுகிறோம்.

திருட்டும் பார்க்க வேண்டியது. நம் மொழியில் இழந்தவருக்கு ‘என்னிடமிருந்து’ என்ற நீண்ட வடிவம் வரும். ஜெர்மனில் இழந்தவரும் பெற்றவரும் ஒரே வேற்றுமையில் நிற்பார்கள். மாண்டரினில் ‘என் ஐந்து யுவானைத் திருடினான்’ என்பதைக் கொடுத்த வாக்கியத்தின் அதே அச்சில் சொல்ல முடியும்.

‘யாருக்காகச் செய்தான்’ என்பதைப் புதிதாகச் சேர்க்கும் வழியையும் குறியுங்கள். சுவாஹிலியில் ‘ஆண்டிகா’ என்றால் எழுது. வினைக்குள் ‘இ’ சேர்த்து ‘ஆண்டிகியா’ ஆக்கினால் ஒருவருக்கு எழுது. ‘நிலிம்வாண்டிகியா மாமா பாருவா’, அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன். தமிழ் இதே வேலைக்குக் ‘கொடு’வையே துணைவினையாக அழைக்கிறது: எழுதிக் கொடுத்தான், வாங்கிக் கொடுத்தாள், படித்துக் கொடுத்தார்.

தமிழில் ஒரு பொறி இருக்கிறது. ‘ஆசிரியர் என்னைக் கேள்வி கேட்டார்.’ இரண்டு செயப்படுபொருள்கள் போலத் தெரியும். கேள்விக்கு ஒரு சுட்டும் ‘ஐ’யும் சேர்த்துப் பாருங்கள்: ‘அந்தக் கேள்வியை’ என்றதும் ‘என்னை’ தடுமாறி ‘என்னிடம்’ ஆகிவிடுகிறது. ‘கேள்வி கேள்’ என்பது ஒட்டிப்போன ஒரே வினை, அதற்குச் செயப்படுபொருள் நான் ஒருவன்தான். வேறு மொழியிலும் பொருள் வெறுமனே நின்றால் இதுபோல் சுட்டுச்சொல் சேர்த்துச் சோதித்த பிறகே கணக்கில் எடுங்கள்.

9. வாக்கியத்தைத் திருப்பிப் போட்டுச் சோதியுங்கள்

உருபு இல்லாத மொழிகளில் எது உண்மையான செயப்படுபொருள் என்று அறிய, செயப்பாட்டு வினைக்கு மாற்றி யார் எழுவாய் ஆகிறார் என்று பாருங்கள். சுவாஹிலியில் ‘ஜுமா அலிபேவா கிடாபு’, அதாவது ஜுமாதான் எழுவாய். நான்காம் படியில் வினைக்குள் இருக்கையைப் பிடித்தவனும் அவனே, எனவே இரண்டு சோதனைகளும் ஒத்துப்போகின்றன. தான்சானியாவின் கிச்சாகா மொழியில் இருவரில் யார் வேண்டுமானாலும் எழுவாய் ஆகலாம். இப்படியும் ஒரு மொழி இருக்கலாம் என்பதால் இரண்டு பக்கமும் கேளுங்கள். ஒன்று சரி என்று வந்ததும் நிறுத்திவிடாதீர்கள்.

ஜெர்மனில் பெற்றவர் நேரடியாக எழுவாய் ஆக முடியாது. ஆனால் ‘பெறு’ என்ற பொருளுள்ள ‘பெகொம்மென்’ என்ற வினையைத் துணைக்கு வைத்துப் பின்வாசல் வழியாக வந்துவிடுவார்.

தமிழில் ‘அவருக்கு விருது வழங்கப்பட்டது’ என்பதுதான் வரும். ‘அவர் விருது வழங்கப்பட்டார்’ என்பது ஆங்கிலத்தின் ‘வாஸ் கிவன்’ நிழல். மொழிபெயர்ப்புகளில் இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பல் கூசும். ‘அவர் விருது வழங்கிக் கௌரவிக்கப்பட்டார்’ என்பது சரி, ஏனென்றால் அங்கே திரும்பியது ‘கௌரவி’ என்ற வினை. அதற்கு அவர் நேரடியான செயப்படுபொருள்.

எல்லாச் சோதனையும் எல்லா மொழியிலும் பேசாது. பெயரெச்சத்தில் ‘ஆசிரியர் புத்தகம் கொடுத்த மாணவன்’, ‘ஆசிரியர் மாணவனுக்குக் கொடுத்த புத்தகம்’ இரண்டும் தமிழில் சரி. எனவே தமிழுக்கு அந்தச் சோதனை எதையும் பிரித்துக் காட்டுவதில்லை. அதையும் எழுதிவையுங்கள்.

10. பேசுபவர் மறுத்த வாக்கியங்களை என்ன செய்வது

அழிக்காதீர்கள். மறுத்த வாக்கியத்துக்கு முன் ஒரு நட்சத்திரக் குறியும், எப்படி மறுத்தார் என்று நான்கு சொல்லும் எழுதுங்கள். ‘இப்படி யாரும் சொல்ல மாட்டார்கள்’ என்பது ஒரு மறுப்பு. ‘சொல்லலாம், ஆனால் வேறு பொருள்’ என்பது இன்னொன்று. சிலர் ஒன்றுமே சொல்லாமல், நீங்கள் கேட்டதைத் தாமே திருத்தித் திரும்பச் சொல்வார்கள். அந்தத் திருத்தத்தை ஒலிப்பதிவிலிருந்து அப்படியே எடுத்து எழுதுங்கள். கான்டனீஸ் வரிசையை மாண்டரின் வரிசையில் கேட்டுவிட்டு, பேசுபவர் மரியாதைக்குத் தலையாட்டியதைச் ‘சரி’ என்று பதிந்த நோட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. தலையாட்டிய மறுகணம் அவர் வாய்க்குள் சொன்ன வாக்கியத்தில் பணம் முன்னாலும் ஆள் பின்னாலும் இருந்தது. மாணவர் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒலிப்பதிவை மூன்றாவது முறை ஓட்டியபோதுதான் அது கேட்டது.